லென்ஸ் படியும் வரை

ஒரு மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருங்கக்கா என்று சொல்லிவிட்டு ஜெபராணி போய்விட்டாள். லென்ஸ் கண்ணில் படிய அவ்வளவு நேரம் ஆகுமாம். கசக்கக் கூடாது, தூங்கக் கூடாது, முடிந்தால் அழவும் கூடாது. கடைசியில் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், சிரித்தபோதுதான் அவளுடைய முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருப்பதைப் பார்த்தேன். பதினாலு மாதமாகக் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி இந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறேன், பதினாலு மாதமாக இந்தப் பெண்தான் என் தாடையைப் பிடித்து மெஷினில் வைக்கிறாள், அவளுக்குப் பல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. இதுவரை அவள் ஒரு நீலக் கோட்டு, ஒரு குரல், கொஞ்சம் டெட்டால் வாசனை. இப்போது சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் அஷ்டமி என்று போட்டிருப்பது தெரிகிறது. மின்விசிறி இறக்கையின் ஓரத்தில் தூசி கறுத்துக் கிடப்பது தெரிகிறது. எதிர் வரிசையில் ஒரு கண்ணை மூடிக் கட்டியிருக்கிற பெரியவரின் காது மடலில் முடி முளைத்திருப்பது தெரிகிறது. தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது. ஆனாலும் விடாமல் பார்க்கிறேன், நாலு நாள் பட்டினி கிடந்தவளை இலைக்கு முன்னால் உட்கார வைத்த மாதிரி. இடது பக்கத்து நாற்காலியை மட்டும் பார்க்கவில்லை. அங்கே உலகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. லென்ஸை வைத்ததும் முதலில் அவளைத்தான் பார்த்தேன், பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். யாரிடம் சொல்லப்போகிறேன், எனக்கு நானே அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது யோசிக்க வேண்டியது வேறு. கண்ணாடியா லென்ஸா. டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார், தையல் பதினாறையும் எடுத்தாயிற்று, ஒட்டின கருவிழி நல்லாப் பிடித்துக்கொண்டது, ஆனால் அதன் மேல் பரப்பு கோணல்மாணலாக இருக்கிறது, அதனால்தான் எழுத்துக்குப் பின்னால் இன்னொரு எழுத்து நிற்கிறது. கண்ணாடி போட்டால் பாதி சரியாகும், கீழே உள்ள வரிகள் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. கெட்டி லென்ஸ் வைத்தால் கடைசி வரி வரைக்கும் படிக்கலாம், ஆனால் தினமும் விரலால் வைத்து விரலால் எடுக்கணும், கை சுத்தம் ஒரு நாள் பிசகினாலும் கிருமி போகலாம், ஒட்டினதை உடம்பு தள்ளிவிடவும் செய்யலாம். உங்களுக்கு உள்ளதே ஒரு கண்ணுதாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க, உங்க முடிவுதான் என்றார். இடது கண் எனக்குப் பிறந்ததிலிருந்தே மந்தம், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். அது முகத்துக்கு அழகுக்காக இருக்கிற கண். முதலில் கண்ணாடிக்குத்தான் பார்த்தார்கள், மூக்கை அழுத்துகிற அந்த இரும்பு வளையத்தை மாட்டி, ஒன்று மாற்றி ஒன்றாகச் சில்லுகளைச் சொருகி, இது நல்லா இருக்கா அது நல்லா இருக்கா என்று ஜெபராணி கேட்டுக்கொண்டே இருந்தாள், எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தது, ஆனாலும் அந்தப் பிள்ளை பாவம் என்று நடுநடுவே இதுதான் நல்லா இருக்கு என்று சொன்னேன். அப்புறம் இந்த லென்ஸை வைத்தாள். நெல்லுமணி விழுந்த மாதிரி உறுத்தியது, பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது, தண்ணீர் வடிந்ததும் உலகம் அதது இருக்கிற இடத்தில் வந்து நின்றது.

எனக்குக் கடைசி வரி வேண்டும். வேலைக்கு வேண்டும். நான் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள், டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை எழுதினவர்களைவிட வேகமாகப் படித்தவள், மில்லிகிராம் பார்க்காமல் ஒரு அட்டையைத் தொட்டதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. போன மாதம் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாகப் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து ஒரு அம்மாவிடம் நீட்டிவிட்டேன். இது எப்பவும் குடுக்க கலர் இல்லையே தாயி என்று அந்த அம்மாதான் திருப்பிக் கொடுத்தாள், படிக்காதவள், அவள் பார்த்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. பெரிய டாக்டர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை, பேசாம ஸ்டோருக்குப் போயிருங்கம்மா, பெட்டிகளை எண்ணிப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம் என்றார். நிம்மதியாம். ஜன்னலுக்கு வெளியே முப்பது கை நீளும், எல்லாருக்கும் அவசரம், எல்லாரும் என்னைத் திட்டுவார்கள், நானும் திட்டுவேன், என் வீட்டுக்காரர் போன பிறகு பகல் நேரத்தை நான் தள்ளியதே அந்தச் சத்தத்தில்தான். ஸ்டோரில் பல்லி மட்டும்தான் பேசும். சரி, அப்படியானால் லென்ஸ் என்று சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

இருக்கிறது. விரலால் தொட வேண்டும். கண்ணை நான் தொட்டதன் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. அவர் இறந்து முப்பது நாள் கழிந்த பிறகும் எனக்கு அழுகை நிற்கவில்லை, கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். பக்கத்து வீட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி, பூவாகப் பூத்துக் கொட்டும். பூவைத் தண்ணியில போட்டு வச்சு கண்ணு மேல ஒத்துங்க, குளுகுளுன்னு இருக்கும் என்று அந்த வீட்டுக்காரி கொடுத்தாள், குளுகுளுவென்றுதான் இருந்தது. ஜன்னலில் நின்றுகொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டவர்களை, தாய்ப்பால் பீச்சினவர்களை, இலைச்சாறு பிழிந்தவர்களை எல்லாம் அறிவிருக்கா என்று கேட்டவள் நான், அந்த நானேதான் தினமும் பூவைத் தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டு படுத்தேன். இதழைக் கசக்கித் தேய்க்கவும் செய்தேன், தேய்த்தால் இன்னும் இதமாக இருந்தது. பத்தாவது நாள் வலது கண் திறக்கவில்லை. புண்ணாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது என்றார்கள், புண் ஆறியது, ஆறின இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது. கண் வங்கியில் பெயர் எழுதி வைத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால் என்ன என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது, யாராவது சாக வேண்டும், செத்தவர் வீட்டில் யாராவது சரி என்று சொல்ல வேண்டும், அதற்காகக் காத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது, உடனே புறப்பட்டு வாங்க என்று. உலகம்மாள்தான் கூட வந்தாள். சந்தோஷமாக இருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். ஆணா பெண்ணா, என்ன வயசு, ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு மனைவி இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவள் வீட்டிலும் பந்தல் போட்டிருப்பார்கள், சங்கு ஊதியிருப்பார்கள், யாராவது வந்து அவள் காதருகே குனிந்து, அம்மா அவரோட கண்ணை என்று கேட்டிருப்பார்கள், அவள் சரி என்று தலையாட்டியிருப்பாள். எப்படி ஆட்டினாள் அவள். அந்தத் தலையாட்டலின் மேல்தான் இப்போது இந்த லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தினமும் காலையில் என் விரலால் தொடு என்கிறார்கள். கண்ணாடி என்றால் தொட வேண்டாம், மூக்கில் மாட்டிக்கொண்டு தூரத்திலேயே இருந்துவிடலாம், கடன் வாங்கிய பட்டுப்புடவையை உடுத்தாமல் பீரோவிலேயே வைத்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. கிருமிக்குப் பயம், ஒட்டினது போய்விடுமோ என்று பயம், அதெல்லாம் உண்மைதான். டாக்டரம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எத்தனை நாள்தான் நானும் நடிப்பது.

"மதினி, டீ வாங்கிட்டு வரட்டா?" என்கிறாள் உலகம்மாள். வாங்கிட்டு வா என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். போகிறாள். முதுகைப் பார்க்கலாம், முதுகில் ஒன்றும் இல்லை. அரக்குச் சேலையின் ஓரம் நைந்து நூல் தொங்குகிறது, தலையில் பாதி நரைத்துவிட்டது, நாற்பத்தொன்றுதான் ஆகிறது அவளுக்கு. பதினாலு மாதம் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டவள் இவள், முதல் மூன்று மாதம் தினமும் எட்டுத் தடவை, தன் வீட்டில் உலை வைத்துவிட்டு ஓடி வந்து விடுவாள், அண்ணாந்து பாருங்க மதினி, மேல பாருங்க, ஆங், அவ்வளவுதான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அவள் முகம் எனக்கு ஒரு மங்கலான வட்டம். வட்டமாகவே இருந்திருக்கலாம். இன்றைக்கு லென்ஸை வைத்துவிட்டு ஜெபராணி, இப்ப சுத்திப் பாருங்கக்கா என்றதும் திரும்பினேன், அங்கே அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கண். வலது இமை மட்டும் நூலிழை கீழே இறங்கியிருக்கும், ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி, கேலி செய்யப் போகிற மாதிரி. அண்ணன் தங்கைக்கு ஒரே ஜாடை என்று கல்யாணத்திலேயே பேசிக்கொண்டார்கள்தான், எனக்கு அப்போது அப்படித் தெரிந்ததில்லை, அவர் பக்கத்திலேயே இருந்தார், இவளில் போய் அவரைத் தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மூன்று வருஷம் ஆயிற்று அந்தக் கண்ணைப் பார்த்து. போட்டோவில் இருக்கிறதே என்றால், போட்டோ என்னைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

அவர் பெயர் கோமதிநாயகம். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். அவர்கள் ஆபீசில் ஒரு முகாம் போட்டார்கள், போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேஜை மேல் போட்டார், ஏளா, எங்கண்ணை எழுதிக் குடுத்துட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன பேச்சு இது, விளக்கு வைக்கிற நேரத்துல என்றேன். "டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சுன்னா உள்ள நல்லா இருக்க சாமானக் கழட்டி இன்னொண்ணுல மாட்டுதோம்லா, அது மாதிரிதான். நான் போனா நீதான் போன் போட்டுச் சொல்லணும், மறந்துராத" என்றார். உலகுவிடமும் சொல்லியிருந்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். கண்ணை எடுக்க ஆறு மணி நேரம் இருந்தது. எனக்குத் தெரியும், ஆறு மணி நேரத்துக்குள் என்று எனக்குத் தெரியும், முழுக் கண்ணையும் தோண்ட மாட்டார்கள், முகம் மாறாது, எல்லாம் எனக்குத் தெரியும், படித்தவள் நான். பன்னிரண்டு மணி இருக்கும், வீடு கொள்ளாத கூட்டம், உலகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள், மதினி, அண்ணன் கண்ணு விஷயமா ஏதும் சொல்லிச்சா என்று. கூட்டத்தில் யாரோ என்ன கண்ணு என்றார்கள். என் மடியில் அவர் தலை இருந்தது, இமை சரியாக மூடவில்லை, வலது இமைக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, யாரோ வந்து மூடி மூடிப் பார்த்தார்கள். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது, அது என்னுடையது, அதை யாரும் தொடக் கூடாது. இல்லையே, அப்படி ஒண்ணும் சொல்லலையே என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன். உலகு என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள், அப்புறம் எழுந்து போய்விட்டாள். நாலு மணிக்கு உடலை எடுத்தார்கள். என்னுடையது என்று நான் பிடித்து வைத்துக்கொண்டது, மறுநாள் ஒரு மண் கலயத்தில் வந்தது.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மாற்றுக் கண் தேவை என்று ஆனபோதும் பேசவில்லை. கண் வங்கிப் படிவத்தில் எனக்காகக் கையெழுத்துப் போட்டபோதும் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவள் வந்து வந்து சொட்டு மருந்து விட்டாள், அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்.

டீயைக் கொண்டு வந்து என் கையில் வைக்கிறாள், காகித டம்ளர் சுடுகிறது. பின்னாலேயே ஜெபராணியும் வந்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா, நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லையே. மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி நீல வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறாள். "சூப்பராப் படிஞ்சிருக்குக்கா. டாக்டரம்மா கேக்காங்க, கண்ணாடியா லென்ஸான்னு. லென்ஸுன்னா இப்பவே அளவு அனுப்பிருவோம், பத்து நாள்ல வந்துரும். இது டிரையல் லென்ஸ்தான், இதைக் கழட்டிருதேன்" என்கிறாள்.

இதைக் கழற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மணி நேரமாகக் காலண்டரையும் மின்விசிறியையும் பார்த்து வீணாக்கியிருக்கிறேன். "ஒரு நிமிஷம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பினேன். உலகம்மாள் அவளுடைய டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"உலகு, என்னையப் பாரு."

"என்ன மதினி, உறுத்துதா?"

பார்த்தாள். வலது இமை நூலிழை இறங்கியிருந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"உங்க அண்ணன் எங்கிட்டயும் சொன்னாக. கார்டையும் காட்டுனாக. போன் போடச் சொன்னாக. அன்னைக்கு நாந்தான் பொய் சொன்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும் மதினி" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"உங்ககிட்ட கேக்கதுக்கு முந்தியே. மதினிட்டயும் சொல்லிட்டேன்னு அண்ணன் எங்கிட்ட சொல்லியிருந்துச்சு. பர்ஸுல கார்டு இருந்துச்சு, எடுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன். போன் நம்பர்கூட அதுல இருந்துச்சு."

"பெறகு ஏம்ளா நீ சொல்லல? எல்லாரு முன்னாடியும் என்னையப் பொய்க்காரின்னு சொல்லியிருக்கலாம்லா?"

அவள் சேலை ஓரத்தில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தாள். "நீங்க இல்லைன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு மதினி. எனக்கும் அண்ணன் முழுசாப் போவணும்னுதான் இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்க, நான் சொல்லாமத் தப்பிச்சுக்கிட்டேன். உங்க கண்ணு போனதும் ராத்திரி பூரா அதே நெனப்புதான். பழி பூராவும் உங்க மேல வந்து விழுந்துட்டுதேன்னு."

மூன்று வருஷமாக நான் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தேன், அவள் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள், நடுவில் ஒரு சொட்டு மருந்துக் குப்பி போய்ப் போய் வந்திருக்கிறது. நான் அழக் கூடாது என்று நினைத்தேன், நினைக்கும்போதே வழிந்துவிட்டது. "ஐயோ, அழாதிங்கக்கா, லென்ஸ் நகந்துரும்" என்று ஜெபராணி பதறினாள். நகர்ந்ததுதான், உலகுவின் முகம் இரண்டாகி மறுபடி ஒன்றானது.

"லென்ஸுதான்னு டாக்டரம்மாட்ட சொல்லிரு" என்றேன்.

"நல்லா யோசிச்சிட்டீங்களாக்கா? கை சுத்தம், நேரம் காலம் எல்லாம்—"

"இருபத்திரண்டு வருஷம் மருந்து குடுத்தவளுக்கு நீ சுத்தம் சொல்லித் தராத. எப்படிக் கழட்டணும்னு அதை மட்டும் சொல்லிக் குடு."

பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை வைத்துக்கொண்டது கலயத்தில் சாம்பலாக வந்தது, இன்னொரு தடவை எனக்கு அந்தப் பத்திரம் வேண்டாம். அந்த மனைவி, அவள் யாரோ, தலையாட்டியது இது பார்க்கட்டும் என்றுதான், பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு இல்லை. போகுமானால் பார்த்துப் பார்த்தே போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன், ஈரம் போகத் துடைத்தேன், மேஜை மேல் கண்ணாடியை நிறுத்தினாள் ஜெபராணி. இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, வெளி ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்து, கண்ணைக் கொட்டுங்கக்கா என்றாள். விரலை வைத்தேன். இமைக்குக் கீழே அது மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது, வேறு யாருடையதோ மாதிரி இல்லை. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. உலகு என் மோவாய்க்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு குனிந்தாள், அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அந்த இமை, அதன் கீழே அந்தக் கண், அதில் நிறையத் தண்ணீர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்தேன். பிறகு இமையை இழுத்துக் கொட்டினேன், லென்ஸ் அவள் கையில் விழுந்தது.

அரக்குச் சேலைக்கு மேல் ஒரு மங்கலான வட்டம் இருந்தது.

"பத்து நாள்தான மதினி" என்றது அது.

"நீயும் கூட வரணும்" என்றேன். "வந்து எனக்கு எதிர்த்தாப்புல உக்காரணும்."